நைட்லி, ஆர்சி, ரிலீஸ்: ஐஎஸ்ஓ கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

நள்ளிரவு_பில்டு எழுதியது:

வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாக வைத்து நாங்கள் நாலு பேர் ஒரு சின்ன இயங்குதளம் செய்து வருகிறோம். ஏஎம்டி64, ஆர்ம்64 என்று இரண்டு செயலிக் கட்டமைப்பு. முழு டெஸ்க்டாப், குறைந்தபட்ச நிறுவல் என்று இரண்டு வகை. ஆக ஒவ்வொரு தடவையும் நாலு இமேஜ், அதாவது நிறுவும் வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பு, வெளியே போகும். இரண்டு வெளியீடு முடித்துவிட்டோம், மூன்றாவது வரப்போகிறது.

பெயர் விஷயத்தை இதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பலன் இப்போது தெரிகிறது. எங்கள் பதிவிறக்க அடைவில் இன்றைக்கு "ஃபைனல்", "ஃபைனல்-புதியது", "ஃபைனல்-சரிசெய்தது", "லேட்டஸ்ட்" என்று நாலு கோப்பு கிடக்கிறது. போன மாதம் ஒரு பயனர், "ஃபைனல் இமேஜில் வைஃபை வரவில்லை" என்று வழு பதிந்தார். என்னிடம் இருந்த ஃபைனலில் வந்தது. இன்னொருவரிடம் இருந்ததில் வரவில்லை. மூன்றாமவரிடம் வைஃபை வந்தது, ஆனால் கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பதிப்பே வேறு. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், மூன்று பேரிடமும் இருப்பது ஒரே பெயர் கொண்ட மூன்று வேறு கோப்புகள் என்று புரிந்தது. அந்தப் பயனரிடம் இருப்பது எது என்று இன்றுவரை எங்களால் சொல்ல முடியவில்லை.

இந்த முறையாவது ஒழுங்காகத் தொடங்க வேண்டும். மூலத்திலிருந்து இமேஜைத் தயாரிக்க இரவு தோறும் தானாக ஓடும் பில்டு (நைட்லி), சோதனைக்கான வெளியீட்டு வேட்பாளர் (ஆர்சி), கடைசி வெளியீடு, இந்த மூன்றுக்கும் பெயர் எப்படி வைப்பது? ஆர்சி2 நன்றாக இருந்தால் அதே கோப்பின் பெயரை மாற்றி வெளியிடலாமா, அல்லது மறுபடி பில்டு செய்ய வேண்டுமா? குழுவில் ஒருவர் பெயரில் "ஸ்டேபிள்" என்று இருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவருக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தமிழிலேயே ஒரு பறவைப் பெயர் வைக்க ஆசை, தமிழ் எழுத்திலேயே. எனக்கும் அந்த ஆசை உண்டு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


தேதிக்காரர் எழுதியது:

ரொம்ப யோசிக்க வேண்டாம். தேதியைப் பெயராக வையுங்கள். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கம். அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். உபுண்டு 2004 அக்டோபரில் 4.10 என்று தொடங்கியது, இன்றுவரை ஆண்டும் மாதமும்தான். எது புதியது, எது பழையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதிப்பு எண்ணை 2 ஆக்கலாமா, 1.5 போதுமா என்று குழுவுக்குள் வாக்குவாதமும் வராது.


பழைய_கிளை எழுதியது:

ஒரு சமூக இயங்குதளத்தில் ஒன்பது வருடமாக வெளியீட்டு வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வந்த சிக்கலுக்கு "ஃபைனல்" என்ற சொல் காரணம் இல்லை. கிளிப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாலும் அதே சிக்கல்தான் வந்திருக்கும். ஒரு பெயரை வெளியே விட்ட பிறகு, அந்தப் பெயருக்குள் இருக்கும் பைட்டுகளை மாற்றினீர்கள். அங்கேதான் தவறு. எந்த வடிவத்தில் பெயர் வைத்தாலும் சரி, ஒரு பெயர் ஒரு தடவை வெளியே போய்விட்டால் அதற்குள் ஒரு பைட் கூட மாறக்கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் ரசனை சார்ந்த விஷயம்.

இதை நான் கற்றுக்கொண்ட இரவைச் சொல்கிறேன். அது எங்கள் ஐந்தாவது வெளியீடு. இமேஜ் மிரர்களுக்கு, அதாவது நகல் வழங்கிகளுக்கு, போய்விட்டது. அறிவிப்பு அனுப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிறுவியில் விசைப்பலகை அமைப்பு தவறாகத் தேர்வாகி நிற்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஒரு வரி மாற்றம். அறிவிப்புதான் இன்னும் போகவில்லையே என்று, சரிசெய்து, பில்டு செய்து, அதே பெயரில் மேலே ஏற்றினேன். இமேஜ் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் செக்சம் கோப்பையும் புதிதாக்கினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது, நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அஞ்சல் பெட்டி நிரம்பியிருந்தது. சில மிரர்களில் பழைய இமேஜும் புதிய செக்சமும் சேர்ந்து இருந்தன, அதனால் சரிபார்ப்பு தோற்றது. இதைக்கூட நான் எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பார்க்காதது இன்னொன்று. ஒருவர் அனுப்பிய செக்சம், பழையதோடும் பொருந்தவில்லை, புதியதோடும் பொருந்தவில்லை. கோப்பின் அளவு மட்டும் சரியாக இருந்தது. யாரோ இடையில் புகுந்து இமேஜை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. எனக்குக் கை நடுங்கியது. அவரிடமிருந்து அந்தக் கோப்பையே வாங்கி, பழைய இமேஜோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன். முதல் முந்நூறு எம்பி வரை அப்படியே பழையது. அதற்குப் பிறகு கடைசி பைட் வரை அப்படியே புதியது. இரவில் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். பெயர் அதேதான் என்பதால் அவருடைய நிரலுக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு இமேஜும் ஒட்டுப்போட்ட ஒரு கோப்பு அவர் கையில் இருந்தது, அது பூட்டும் ஆனது! ஒரு கணினியில் அதை நிறுவியும் விட்டார்.

அன்றைக்கே கடைசி இலக்கத்தைக் கூட்டி புதிய பெயரில் வெளியிட்டோம். பழைய பெயரை அடைவிலிருந்து எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று அங்கேயே ஒரு உரைக்கோப்பில் எழுதி வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு தடவை கூட ஒரே பெயரை இரண்டு முறை பயன்படுத்தவில்லை. ஒரு எண் கெட்டுவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட வேண்டும். எண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. டெபியன் வரலாற்றில் 1.0 என்ற வெளியீடே இல்லை என்பது தெரியுமா? 1995 இறுதியில் ஒரு குறுவட்டு விற்பனையாளர், பாதியில் இருந்த வளர்ச்சிப் பதிப்பை 1.0 என்று அச்சிட்டு விற்றுவிட்டார். திட்டக்காரர்கள் அந்த எண்ணுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. 1996 ஜூனில் வந்த உண்மையான வெளியீட்டுக்கு 1.1 என்று எண் கொடுத்தார்கள். யார் கையில் 1.0 இருந்தாலும் அது எங்களுடையது இல்லை என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது.

அடுத்து "ஸ்டேபிள்" என்ற சொல். கோப்புப் பெயரில் அதைப் போடாதீர்கள். "லேட்டஸ்ட்", "ஃபைனல்", "புதியது" எதையும் போடாதீர்கள். இவை எல்லாம் கோப்பைப் பற்றிய சொற்கள் இல்லை, கோப்புக்கும் இன்றைய தேதிக்கும் உள்ள உறவைப் பற்றிய சொற்கள். நாளைக்கு உறவு மாறும், பெயர் மாறாது. டெபியனில் ஸ்டேபிள் என்பது ஒரு சுட்டுவிரல் மாதிரி. 2023 ஜூனிலிருந்து அது புக்வோர்ம் என்ற குறிப்பெயர் கொண்ட பதிப்பைக் காட்டியது, 2025 ஆகஸ்டிலிருந்து ட்ரிக்ஸியைக் காட்டுகிறது. களஞ்சிய முகவரியில் குறிப்பெயருக்குப் பதிலாக "ஸ்டேபிள்" என்று எழுதி வைத்தவர்களுக்கு அந்த நாளில் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் ஏப்டி கருவி நின்று, குறிப்பெயர் மாறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கும். அப்படிக் கேட்கும் வசதி இருப்பதே, பலர் தெரியாமல் அடுத்த பதிப்புக்குள் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். உங்களுக்கும் சுட்டுவிரல் வேண்டுமென்றால் அடைவில் ஒரு சிம்லிங்க் போடுங்கள். லேட்டஸ்ட் என்ற இணைப்பு, முழுப் பெயர் கொண்ட கோப்பைக் காட்டட்டும். ஆனால் பதிவிறக்கும்போது பயனர் வட்டில் விழும் பெயர் முழுப் பெயராக இருக்க வேண்டும். அதற்கு இணைப்பை நேரடியாகக் கொடுக்காமல், முழுப் பெயருக்குத் திருப்பிவிடும்படி வழங்கியில் அமையுங்கள்.

தேதிக்காரர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. நைட்லிக்குத் தேதிதான் சரி. ஆனால் வெறும் தேதி போதாது. ஒரே நாளில் இரண்டு தடவை பில்டு ஓடும் நாள் கட்டாயம் வரும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் இரவு பில்டுகளைப் பாருங்கள்: தேதி, ஒரு புள்ளி, நைட்லி என்பதற்கு ஒரு எழுத்து, இன்னொரு புள்ளி, அப்புறம் 0. அந்த நாளில் மறுபடி செய்தால் 0 என்பது 1 ஆகும். அந்தக் கடைசி எண் அவ்வளவு முக்கியம். அப்புறம், தேதியை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எடுங்கள். உங்கள் நாலு பேரில் ஒருவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால், ஒரே கமிட்டுக்கு (பதிந்த மூல மாற்றத்துக்கு) இரண்டு தேதி வந்துவிடும்.

வெளியீட்டுக்கு முழுத் தேதி வைப்பதில் எனக்குத் தயக்கம். உபுண்டு 2006 ஏப்ரலில் வர வேண்டிய 6.04, ஜூன் வரை தள்ளிப்போனது, 6.06 ஆகவே வெளிவந்தது. நல்ல முடிவு, அதற்குத்தான் முதன்முதலாக எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவும் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஆவணம், சுவரொட்டி, வழுப்பட்டியல் எல்லாவற்றிலும் பழைய எண் ஏறியிருந்தால் அத்தனையையும் தேடித் தேடி மாற்ற வேண்டும். நாலு பேர் கொண்ட குழு தேதி தவறாமல் வெளியிடும் என்று நான் நம்பமாட்டேன். நாங்கள் பதினொரு பேர், நாங்களே தவறியிருக்கிறோம். வெறும் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் வந்தால் 3.1.

இப்போது ஆர்சி கேள்வி. இதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சோதித்த பைட்டுகளைத்தான் வெளியிட வேண்டும். ஆர்சி2 என்று பெயர் வைத்து, உள்ளேயும் ஆர்சி2 என்று எழுதி, சோதனை முடிந்ததும் அந்த எழுத்தை எடுப்பதற்காக மறுபடி பில்டு செய்தால், யாருமே சோதிக்காத ஒரு இமேஜைத்தான் உலகத்துக்குக் கொடுக்கிறீர்கள். இடையில் களஞ்சியத்தில் ஒரு பொதி மாறியிருந்தால் போதும்.

ஃபெடோரா இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. ஃபெடோரா 40இன் ஒர்க்ஸ்டேஷன் ஐஎஸ்ஓ பெயரில் 40க்குப் பிறகு 1.14 என்று இருக்கும். 39இல் 1.5 என்று இருக்கும். பலர் இதை ஏதோ திருத்தப் பதிப்பு என்று நினைக்கிறார்கள். அது ஆர்சியின் எண். வேட்பாளராக நின்ற இமேஜ்களில் 1.14 தேறியது, அதே கோப்பு, அதே பெயரோடு, வெளியீடு ஆனது. உள்ளே ஆரம்பத்திலிருந்தே "ஃபெடோரா 40" என்றுதான் எழுதியிருக்கும். பெயரில் "ஆர்சி" என்ற சொல்லே இல்லாததால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. சரி என்று முடிவானதும் கோப்பை ஒரு அடைவிலிருந்து இன்னொரு அடைவுக்கு நகர்த்துவதுதான் மிச்சம். நீங்களும் இப்படிச் செய்யலாம்: 3-1, 3-2, 3-3 என்று எண் கொடுத்துக்கொண்டே போங்கள். எது தேறுகிறதோ அது வெளியீடு. அது 3-3 ஆக இருந்தால் பயனர் கையிலும் 3-3தான். அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

தமிழ்ப் பெயர் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி: இயங்குதளத்தின் பெயரையும் எண்ணையும் சொல்லும் கோப்பை எந்தப் பொதி வழியாகத் தருகிறீர்கள்?


நள்ளிரவு_பில்டு எழுதியது:

அந்த ஒட்டுப்போட்ட இமேஜ் கதையைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். நன்றி.

டெபியனின் பேஸ்-ஃபைல்ஸ் பொதியை எடுத்து எங்கள் பெயரில் மாற்றித் தருகிறோம். போன வெளியீட்டின்போது அதன் பதிப்பு 2.0ஆர்சி1 என்று இருந்தது. ஃபைனலில் 2.0 ஆக்கினோம். இப்போது நீங்கள் கேட்டதும்தான் நினைவுக்கு வருகிறது: ஆர்சி நிறுவியிருந்த சிலருக்கு மேம்படுத்திய பிறகும் "ஆர்சி1" என்றே காட்டுகிறது என்று ஒரு புகார் இருந்தது. நாங்கள் அதைக் காரணம் தெரியாமல் மூடிவிட்டோம்.


பழைய_கிளை எழுதியது:

அதே சந்தேகத்தில்தான் கேட்டேன். டெபியனின் பதிப்பு ஒப்பீட்டில் 2.0ஆர்சி1 என்பது 2.0ஐ விடப் பெரியது. பின்னால் எழுத்து ஒட்டியிருந்தால் அது கூடுதல் என்றே கணக்கு. அதனால் ஏப்டி, "உங்களிடம் இருப்பதே புதியது" என்று நினைத்து 2.0ஐத் தொடவே இல்லை. அந்தப் பயனர்கள் இன்றும் ஆர்சியின் பேஸ்-ஃபைல்ஸோடுதான் இருக்கிறார்கள்.

இதற்கென்றே ஒரு குறி இருக்கிறது: ~. டெபியனின் வரிசையில் இது வெறுமைக்கும் முன்னால் வரும். 2.0~ஆர்சி1 என்று எழுதினால் அது 2.0க்குக் கீழே போய்விடும். ஃபெடோராவின் பொதிக் கருவியான ஆர்பிஎம்மும் இதே குறியை ஏற்றுக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் டெபியனின் பொதிக் கருவியான டிபிகேஜியிலேயே இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் கட்டளை இருக்கிறது. வெளியிடும் முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆனால் இந்தக் குறியைப் பொதிப் பதிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், கோப்புப் பெயருக்குக் கொண்டுவர வேண்டாம். கோப்புப் பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, நடுக்கோடு, அடிக்கோடு தவிர வேறெதுவும் எனக்குச் சம்மதம் இல்லை. நேரத்தைக் குறிக்க முக்காற்புள்ளி போட்ட ஒரு பில்டு, ஃபேட் வடிவில் இருந்த பென்டிரைவில் நகலெடுக்கவே மறுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பறவைப் பெயர். ஆசையை விட வேண்டாம், இடம் பார்த்து வையுங்கள். இயங்குதளத்தின் பெயரையும் எண்ணையும் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் பல வரிகள் உண்டு. மனிதர் படிப்பதற்கு என்றே ஒரு வரி இருக்கிறது, ப்ரெட்டி நேம். அதில் எல்லா மொழி எழுத்தையும் எழுதும் யுடிஎஃப்-8 செல்லும். "மீன்கொத்தி" என்று தமிழிலேயே எழுதுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் வெர்ஷன் கோட்நேம் என்ற வரி, நிரல்கள் படிப்பதற்கானது. அதில் சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, அடிக்கோடு, நடுக்கோடு மட்டுமே வரலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அங்கே அதே பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதிவிடுங்கள்.

இது வீண் பயம் இல்லை. 2013இல் வந்த ஃபெடோரா 19க்கு ஷ்ரோடிங்கரின் பூனை என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அதில் இரண்டு புள்ளி வைத்த ஓ ஒன்றும், ஒரு மேற்கோள் குறியும் வரும். வெளியீட்டுப் பெயர் கோப்பை எளிய எழுத்தாக நினைத்துப் படித்த கருவிகள் அங்கே தடுக்கி விழுந்தன. ஒரே ஒரு எழுத்து, ஒரே ஒரு குறி. நம் எழுத்தில் ஒரு சொல் முழுவதும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு இடம், ஐஎஸ்ஓவின் வால்யூம் லேபிள், அதாவது வட்டின் பெயர். அதற்கு 32 எழுத்துதான் இடம். நிறுவாமலே ஓடும் லைவ் இமேஜ் பூட் ஆகும்போது தன் வட்டைத் தானே இந்த லேபிளை வைத்துத் தேடும்படி அமைத்திருந்தால், இது பெயர் மட்டுமில்லை, முகவரி. ஃபெடோராவில் ஒர்க்ஸ்டேஷன் என்பதை லேபிளில் இரண்டெழுத்தாகச் சுருக்கியிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் இயங்குதளப் பெயர், வகை, கட்டமைப்பு, எண், தேதி எல்லாம் சேர்த்தால் எளிதில் 32 தாண்டும். தாண்டினால் நிரல் சத்தமில்லாமல் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இப்போதே ஒரு குறுக்கம் முடிவு செய்து எழுதி வையுங்கள்.


ரவுட்டர்_பிரியர் எழுதியது:

நான் ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு இமேஜ் பெயரில் பதிப்பைவிட முக்கியம் கடைசிச் சொல். "ஃபேக்டரி" என்று முடிந்தால் சாதனத்தோடு வந்த பழைய மென்பொருளிலிருந்து முதன்முதலாக ஏற்றுவதற்கு. "சிஸ்அப்கிரேட்" என்று முடிந்தால் ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் சாதனத்தில் புதுப்பிப்பதற்கு. இடம் மாற்றி ஏற்றினால் சாதனம் எழுந்திருக்காமல் போகலாம். வன்பொருளின் பதிப்பு கூடப் பெயருக்குள் இருக்கும், ஏனென்றால் ஒரே மாடலின் வி1, வி2 உள்ளே வேறு வேறு சில்லு. பெயரைப் படித்தே இது என் சாதனத்துக்கா, இப்போது நான் இருக்கும் நிலைக்கா என்று தெரிந்துவிடும்.

குறையும் உண்டு. ஸ்னாப்ஷாட் எனப்படும் வளர்ச்சி இமேஜ்களின் பெயரில் பதிப்பு இருக்காது. நேற்று இறக்கியதும் இன்று இறக்கியதும் ஒரே பெயர். சாதனத்துக்குள் போய் ஆர் என்று தொடங்கும் திருத்த எண்ணையும் அதன் பின்னால் இருக்கும் கமிட் குறியையும் பார்த்தால்தான் எது என்று புரியும். பழைய_கிளை சொன்ன விதி எங்கள் ஸ்னாப்ஷாட்டில் மீறப்படுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் அந்த எண் காப்பாற்றுகிறது. உங்கள் வழு பதியும் பக்கத்தில் கோப்புப் பெயரைக் கேட்காமல், ஓடும் கணினிக்குள் இருக்கும் எண்ணைக் கேளுங்கள். பயனர் கோப்புப் பெயரை மாற்றியிருப்பார், அல்லது மறந்திருப்பார்.

இமேஜில் கையெழுத்திடும் சாவியையும் யோசியுங்கள். ஆண்ட்ராய்டில் பில்டுகளை யூசர், யூசர்டிபக், இன்ஜ் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த வகையும், கையெழுத்து ரிலீஸ் சாவியா டெஸ்ட் சாவியா என்பதும் சாதனத்தில் பில்டை அடையாளம் காட்டும் ஃபிங்கர்பிரிண்ட் வரியிலேயே இருக்கும். டெஸ்ட் சாவிகள் திறந்த மூலத்திலேயே கிடப்பவை, யார் வேண்டுமானாலும் அவற்றால் கையெழுத்திடலாம். உங்கள் நைட்லிக்கும் வெளியீட்டுக்கும் ஒரே சாவி இருந்தால், இரவு பில்டு ஓடும் கணினியில் அந்தச் சாவி கடவுச்சொல் இல்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.


பிஎஸ்டி_வாசி எழுதியது:

ஆர்சி விஷயத்தில் பழைய_கிளையோடு கொஞ்சம் முரண்படுகிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற எங்கள் இயங்குதளத்தில் மறுபடி பில்டு செய்துதான் வெளியிடுகிறோம். மூலத்தில் நியூவெர்ஸ் என்ற ஒரு ஸ்கிரிப்ட். அதில் ஒரு வரியில் 14.0 என்ற எண், அடுத்த வரியில் கிளை. அந்தக் கிளை வரி ஆர்சி என்பதிலிருந்து ரிலீஸ் என்று மாறும், கமிட் ஆகும், பில்டு ஓடும். பல வருடமாக இப்படித்தான் நடக்கிறது. ஏன் நடக்கிறது என்றால், அடிப்படை அமைப்பு முழுவதும் ஒரே மூலக் களஞ்சியத்தில் இருக்கிறது, வெளியீட்டுக்கென்று தனிக் கிளை பிரிந்த பிறகு அனுமதி இல்லாமல் எதுவும் உள்ளே வராது. ஆர்சிக்கும் ரிலீஸுக்கும் நடுவே என்ன மாறியது என்று வரி வரியாகக் காட்ட முடியும். பெயர் தெளிவாக இருப்பதும் ஒரு லாபம்: ஆர்சி ஓடும் கணினி தன்னை ஆர்சி என்றே சொல்லும்.

"ஸ்டேபிள்" பற்றி அவர் சொன்னதை நான் இருமடங்கு ஆமோதிக்கிறேன். எங்களிடம் கரன்ட், ஸ்டேபிள், ரிலீஸ் என்று மூன்று உண்டு. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் ஸ்டேபிளை எடுத்து உற்பத்திக் கணினியில் போட்டுவிடுகிறார்கள். அங்கே ஸ்டேபிள் என்றால் அந்தக் கிளையில் பைனரி இடைமுகம் முறியாது, ஏற்கெனவே தொகுத்த நிரல்கள் தொடர்ந்து ஓடும் என்று அர்த்தம், அது வளர்ச்சிக் கிளைதான். அவர்களுக்கு வேண்டியது ரிலீஸ். இதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சொல் நல்ல சொல்தான், ஆனால் கேட்பவர் மனதில் வேறு அர்த்தம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வரும்போது எங்களுக்குப் பின்னால் பி1, பி2 என்று ஏறும். திருத்தம் கர்னலைத் தொடாவிட்டால் ஓடும் கர்னலின் எண்ணைச் சொல்லும் யூநேம் கட்டளை பழைய எண்ணையே காட்டும். பயனர், "நான் புதுப்பித்தேன், எண் ஏறவில்லை" என்று பயந்து எழுதுவார். அதற்காகத்தான் ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் என்று தனிக் கட்டளை: வட்டில் நிறுவிய கர்னல், இப்போது ஓடும் கர்னல், பயனர்வெளி (கர்னலுக்கு வெளியே உள்ள நிரல்கள்), மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். உங்களிடமும் கர்னல் ஒரு பக்கம், பொதிகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் புதுப்பிக்கப்படும். எந்த எண்ணைப் பயனரிடம் கேட்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.


பழைய_கிளை எழுதியது:

பிஎஸ்டி_வாசி சொல்வது நியாயம். முழு மூலமும் தன் கையில் இருப்பவர்களுக்கு மறு பில்டு பாதுகாப்பானது. நள்ளிரவு_பில்டின் நிலை அது இல்லை. அவருடைய இமேஜில் பெரும்பகுதி டெபியனிலிருந்து வருகிறது. அவர் தூங்கும்போது கூட அங்கே பொதி மாறும். களஞ்சியத்தின் ஒரு குறிப்பிட்ட நேரத்து ஸ்னாப்ஷாட்டைப் பிடித்து வைத்து, அதிலிருந்து மட்டும் பில்டு செய்தால் மறு பில்டையும் ஒத்துக்கொள்வேன். அதுவரை, தேறிய கோப்பையே நகர்த்துங்கள்.

பில்டு ஸ்கிரிப்டில் ஒரு சோதனை கட்டாயம். மூல மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் டிஸ்கிரைப் கட்டளையில் டர்ட்டி என்ற விருப்பம் இருக்கிறது. கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் பெயரின் முடிவில் அதே சொல்லை ஒட்டும். நைட்லியில் அது வந்தால் பெயரோடு சேர்த்துப் போகட்டும், தெரிய வேண்டும். வெளியீட்டு பில்டில் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும். ஒருவர் கணினியில் மட்டும் இருந்த ஒரு சின்ன திருத்தம் வெளியீட்டுக்குள் போய், அடுத்த வெளியீட்டில் காணாமல் போனால், அந்த வழு திரும்பி வந்ததற்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

தேதிக்காரருக்கு ஒரு சின்ன குறிப்பு. பதிப்பு எண்ணின் ஒரு பகுதிக்குள் முழுத் தேதியையும் திணிக்க வேண்டாம். லினக்ஸ் கர்னலில் கடைசி எண்ணுக்கு ஒரே ஒரு பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் 4.4, 4.9 கிளைகள் 255ஐத் தாண்டி 256க்கு வந்தபோது அந்தக் கணக்கு நிரம்பிவிட்டது, அதற்கென்று தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எண் எவ்வளவு பெரிதாகும் என்று படிப்பவர் முன்பே நினைத்து வைத்திருப்பார். எட்டு இலக்கத்தை அவர் நினைத்திருக்க மாட்டார்.


நள்ளிரவு_பில்டு எழுதியது:

நேற்று நாலு பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். இயங்குதளப் பெயர், 3, வேட்பாளர் எண், வகை, கட்டமைப்பு, இந்த வரிசை. நைட்லிக்கு 3க்குப் பதிலாக யூடிசி தேதியும் அன்றைய ஓட்டத்தின் எண்ணும். ஓஎஸ்-ரிலீஸின் பில்டு_ஐடி வரியில் கமிட் குறி. வழுப் படிவத்தில் கோப்புப் பெயர் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த வரியைக் கேட்கிறோம். பேஸ்-ஃபைல்ஸில் ~ வந்துவிட்டது. ஆர்சி1இலேயே சிக்கியவர்களுக்கு 2.0+1 என்று ஒரு பொதி அனுப்பலாமா என்று பார்க்கிறோம். லேபிள் 27 எழுத்தில் முடிந்தது. பறவை மீன்கொத்திதான், ப்ரெட்டி நேமில் தமிழில்.

ஏற்றும் ஸ்கிரிப்டில், அதே பெயர் வழங்கியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் மறுக்கும்படி எழுதிவிட்டேன். இது போதுமா?


பழைய_கிளை எழுதியது:

பொதியை அனுப்பும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டல் குறியும் எழுத்துக்குப் பிறகுதான் வரிசையில் வரும், அதனால் 2.0+1 என்பது 2.0ஆர்சி1ஐத் தாண்டும். 3ஐ எப்படியும் வெளியிடப்போகிறீர்கள், அது எல்லாவற்றையும் தாண்டிவிடும். ஆனால் 3 வரும்வரை அவர்களைக் காக்க வைக்க வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

ஏற்றும் ஸ்கிரிப்டில் பார்ப்பது போதாது. இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் ஓட்டினால் இருவருக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும், இருவரும் ஏற்றுவார்கள். மறுப்பு வழங்கியின் பக்கம் இருக்க வேண்டும். முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றி, செக்சம் சரிபார்த்து, அப்புறம் வழங்கியிலேயே உண்மையான பெயருக்கு ஹார்டு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், போடுங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் லிங்க் தோற்கும், இரண்டாவது ஆளுக்கு உடனே தெரியும். தேறிய கோப்புகளின் எழுதும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள், உங்கள் கணக்குக்கும் சேர்த்து. ஆர்ம்64 இமேஜ் தயாரானதும் சொல்லுங்கள், என்னிடம் ஒரு பலகை இருக்கிறது, 3-1ஐ நான் சோதிக்கிறேன்.